‘உள்ளது’க்கும் ‘வரும்’க்கும் நடுவே

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையில் எங்கள் கால்பந்துக் கழகத்தின் தலைவர் என் அறைக்கு வந்து, நாற்காலியை விட்டுவிட்டு மேசைமேல் உட்கார்ந்தார். அவர் மேசையில் உட்கார்ந்தால் செலவு என்று பொருள். போன தடவை உட்கார்ந்தபோது மைதானத்தில் நான்கு விளக்குக் கோபுரங்கள் முளைத்தன.

“என்னய்யா கணக்கு, தங்கக்கால எடுக்குறோம்.”

தங்கக்கால் என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். போன பருவத்தில் முப்பத்தொரு கோல் அடித்தவன். விலை நாற்பது கோடி. எங்கள் கழகத்தின் ஒரு வருட வரவே இருபத்திரண்டு.

“பணம் சார்?”

“வரும்யா.”

இந்தச் சொல்லுக்காகத்தான் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘வரும்சார்’ என்கிறோம். பெயர் வைத்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. (நான்தான்.)

சிரித்துத் தலையாட்டினேன். அவர் போன பிறகு பார்த்தால், பேனா மூடியைக் கடித்துத் தட்டையாக்கி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, புதன்

பயம் எதற்கு என்று இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

புது ஆட்டக்காரரைப் பதிவு செய்ய லீக் அலுவலகத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். ஏழாவது கேள்வி: ‘அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கான பணம் கையில் உள்ளதா?’ பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது கணக்கு அதிகாரி. அதாவது நான், இந்தத் தொந்திக்காரன்.

போன வருடமும் ஒரு தடுப்பாட்டக்காரனுக்காக இதே படிவம். ஒளிபரப்புப் பணம் வரும் என்றார் வரும்சார். நான் ‘உள்ளது’ என்று எழுதினேன். நாலெழுத்து. பணம் வரவில்லை. மார்ச்சில் எண்பத்துநாலு பேருக்கு இருபத்தாறு நாள் சம்பளம் இல்லை. ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைக்கும் அக்கா, தன் மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றார். “பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

நான் என்ன பண்ணினேன் என்று அவருக்குத் தெரியாது. மனைவிக்குக்கூட.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மனைவியின் தம்பி வந்திருந்தான். ரசிகர் மன்றத்தில் பெரிய மேளம் அடிப்பவன். அவன் ரகசியம் பேசினால் தெருநாய் எழுந்து உட்காரும்.

“மாமா, தங்கக்கால் வந்துட்டா கப்பு நமக்குத்தான்! நீங்க மட்டும் குறுக்க எதையாவது போட்டுடாதீங்க.”

“நான் என்னடா போடப்போறேன்?”

“கழித்தல்.”

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

கணக்கைப் பதினோரு தடவை போட்டேன். பதினோரு தடவையும் ஜனவரியில் பணம் தீர்கிறது. கால்குலேட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். அப்போதும் ஜனவரி.

ஆகஸ்ட் 20, வியாழன்

“படிவம் ரெடியா?”

“சார், அந்த ஏழாவது கேள்வி...”

“போன வருஷம் எழுதினதையே எழுது. அது எங்கிட்ட பத்திரமா இருக்கு, தெரியும்ல?” தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மிரட்டினாரா? ஞாபகப்படுத்தினாரா? காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. கழிப்பறையில போய் உக்காந்துட்டேன். ஜெயில் கழிப்பறை எப்படி இருக்கும்? ஐம்பத்துமூணு வயசு, இந்த முட்டியை வச்சுக்கிட்டு...

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஏங்க, இதை மார்ச்லயே சொல்லியிருக்கக் கூடாதா? வாயுன்னு நெனச்சு மாத்திரையா வாங்கிக் குடுத்தேனே!” அப்புறம் மெதுவாக, “மறுபடியும் அப்படியே எழுதுவீங்களா?”

மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை விழுங்கினேன். வாயு என்று சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

தங்கக்கால் வந்து இறங்கிவிட்டான். வாசலில் ஆயிரம் பேர், நடுவில் மைத்துனனின் மேளம். ஒவ்வொரு அடியும் என் ஜன்னல் கண்ணாடியில் விழுந்தது.

படிவத்தை எடுத்தேன். ‘உ’ போடத்தான் கை போனது. பக்கத்து அறையில் அக்காவின் துவைக்கும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்துப் பார்த்தால் மூன்றே எழுத்து.

‘வரும்.’

தைரியம் என்று பின்னால் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் பயம் குறைவோ அந்தப் பக்கம் கை ஓடியது, அவ்வளவுதான்.

வரும்சார் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டார். படித்திருந்தாலும் தப்பாகத் தோன்றியிருக்காது. அவருடைய சொல்தானே.

ஆகஸ்ட் 31, திங்கள்

பதிவுக்குக் கடைசி நாள். மூன்று மணிக்கு லீக் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா பேசினார்.

“ஏழாவது பதில்ல ‘வரும்’னு இருக்கு. எப்ப சார் வரும்?”

“அதைத்தாம்மா நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்.”

வாய் தவறி வந்துவிட்டது. என் வாயே என் எதிரி. அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு, “அப்போ, கையில இல்லையா?”

“இல்லம்மா. போன வருஷமும் இல்ல. அப்போ பொய் எழுதினேன்.”

ஐந்து மணிக்குப் பதிவு மறுக்கப்பட்டது; தங்கக்கால் பேரமும் முறிந்தது. ஐந்தரைக்கு வரும்சார் வந்தார். மேசையில் உட்காரவில்லை.

“உன் சாமானை எடுத்துக்கய்யா.”

செப்டம்பர் 1, செவ்வாய்

வாசல் கதவில் ரசிகர்கள் எறிந்த நான்கு முட்டைகள். மனைவி துடைத்துக்கொண்டே, “நல்லவேளை, அழுகினது இல்ல” என்றாள்.

நவம்பர் 9, திங்கள்

இரண்டு வருடத்துக்கு எந்தக் கழகத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று லீக் தீர்ப்பு. ஜெயில் இல்லை. கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ‘இல்லை’ அப்படியேதான் இருந்தது.

டயர் கடையில் பில் போடுகிறேன். மைத்துனன் இன்னும் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. தெருநாய்தான் பாவம், ஏங்கிப்போய்விட்டது.

பிப்ரவரி 1, திங்கள்

காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. ஜனவரியைத் தாண்டியாகிவிட்டது. ஜனவரியில் பணம் தீரும் என்றது என் கணக்கா, என் பயமா? தங்கக்காலை வாங்கியிருந்தாலும் பணம் வந்திருக்குமோ? எல்லாரையும் ஏமாத்திட்டேனா?

பதினொன்றுக்கு அக்கா போன் செய்தார். “சார், சம்பளம் ஏறிடுச்சு. சும்மா சொல்லணும்னு தோணுச்சு.”

டயர்களுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 6, சனி

முதல் தடவையாகக் காசு கொடுத்து ஆட்டம் பார்த்தேன். இரண்டு கோலில் தோல்வி.

பக்கத்து இருக்கைக்காரர் பொங்கினார்: “தங்கக்கால் இருந்திருந்தா இப்படி ஆகுமா? எல்லாம் அந்தக் கணக்குக்காரனால வந்தது!”

“ஆமாங்க, சரியான கஞ்சப்பய” என்றேன். உயிர்ப் பயம்.

முன்வரிசையிலிருந்து மேளத்தோடு மைத்துனன் திரும்பினான். ஐந்து மாதத்தில் முதல் தடவை. முடிந்தது கதை என்று நினைத்தேன். அவனோ பக்கத்துக்காரரைப் பார்த்து, “கஞ்சன்தாண்ணே. ஆனா ஒண்ணாந்தேதி எல்லாருக்கும் சம்பளம் ஏறிடுச்சாம்ல” என்றான்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

வாங்கி உள்ளே பார்த்தேன். ஏழெட்டுக் கடலைதான். ஆனால் உள்ளது.