வாழைத் தோட்டத்து மறைப்பு

ஐப்பசி 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மேகமலை கண்ணில் படவில்லை. மார்க்கையன்கோட்டைக்கு, அக்கா வீட்டுக்கு வந்து நாலு மாதம். பர்மாவிலிருந்து நடந்து வந்த கால் இன்னும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் மட்டும் வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஆறு நடை. ஒரு வேலையும் இல்லாமல்.

அக்கா இருட்டோடு வாய்க்கால் கரைக்கு ஒதுங்கப் போனவள் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. வைத்தியர் கட்டுப் போட்டார். ஒரு மாதம் ஊன்றி நடக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு ராக்காயியிடம் அவள் அழுதது காதில் விழுந்தது: "வலி கெடக்கட்டும்டி. வெளிக்கு எங்கிட்டுப் போவேன்?"

ஐப்பசி 20, வியாழன்

வெயில். கொல்லையை ஒட்டி மச்சானின் வாழைத் தோட்டம். அதில் அக்கா ஒதுங்க ஒரு மறைப்பு கட்டினேன். மூங்கில் நாலு, தென்னங்கிடுகு பன்னிரண்டு, பலகை இரண்டு, மண்பானை ஒன்று, அடுப்புச் சாம்பல் ஒரு கூடை.

ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தபோது என் குடிசைக்குப் பின்னால் ஒரு சீனாக்காரரின் காய்கறித் தோட்டம். அவர் மூத்திரத்தையும் மலத்தையும் கலக்க விடமாட்டார். முன்பக்கம் போவது பானைக்கு. பின்பக்கம் போவது குழிக்கு, மேலே ஒரு கை சாம்பல். நாற்றம் கிடையாது. பானைத் தண்ணீர் கீரைக்கு. குழியை ஒரு வருடம் மூடி வைத்து, மண்ணான பிறகுதான் தொடுவார். அதையே இங்கே செய்தேன்.

மச்சான் முகத்தைச் சுளித்தார். "வீட்டுக்குப் பக்கத்துலயா? அவ கால் சரியாகுற மட்டும் இருக்கட்டும். அப்புறம் பிரிச்சுரணும், மாப்ள."

ஐப்பசி 23, ஞாயிறு

பானை நிரம்பிவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. யுத்தம் வந்ததிலிருந்து புண்ணாக்கு கிடைக்காமல் வாழை மஞ்சளாக நிற்கிறது. கடைசி வரிசையில் இரண்டு கன்றுக்கு ஊற்றினேன். மச்சானிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 26, புதன்

இரண்டு கன்றும் கருகிவிட்டன. என் மடத்தனம். தண்ணீர் கலக்க மறந்தேன். சீனாக்காரர் ஒரு குவளைக்கு எட்டுக் குவளை கலப்பார். மச்சான் பார்த்துவிட்டு, "வேர்ல பூச்சி" என்றார். தலையாட்டினேன். இன்று கலந்து, அந்த வரிசையில் மற்றவற்றுக்குத் தண்டை விட்டுத் தள்ளி ஊற்றினேன். கை கழுவினேன், மூன்று தடவை.

ஐப்பசி 30, ஞாயிறு

தூறல். தேயிலை எஸ்டேட் கங்காணி வந்தார். மலைக்கு ஆள் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்காவது போனால் தேவலை.

என் மனைவி சரசு ஞாபகம். நடந்து வந்த வழியில் மலையடிவார முகாம். ஆயிரக்கணக்கில் சனம், ஒரே ஓடை. மேலே ஒதுங்கினார்கள், கீழே குடித்தோம். கொதிக்க வைக்க விறகு இல்லை. காலையில் அவளுக்கு வயிற்றுப்போக்கு, சாயங்காலம் அவள் இல்லை. அந்த ஓடைக்கரையிலேயே மண் தள்ளிவிட்டு, கூட்டத்தோடு நடந்தேன். தெரிந்தவன்தானே நான். ஒரு குழி தோண்டச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை.



கார்த்திகை 8, திங்கள்

கடைசி வரிசை கரும்பச்சை! மற்ற வரிசைகள் பக்கத்தில் சோகை பிடித்தவை மாதிரி. மச்சான் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்து, "இங்கன மட்டும் எப்படி?" என்றார். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும்.

கார்த்திகை 15, திங்கள்

தெரிந்துவிட்டது. நான் ஊற்றுவதை அடுத்த தோட்டத்துக்காரர் பார்த்து, காபிக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மச்சான் வேகமாக வந்தார். "ஏலே, வாழைக்கு என் பொண்டாட்டி மூத்திரத்தையா ஊத்துற? இந்தத் தாரைச் சாமிக்கு வைக்க முடியுமா? ஊரே சிரிக்குது!"

"மாட்டு மூத்திரம் ஊத்துறோமே மச்சான்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மண்வெட்டியால் பானையை உடைத்தார். கிடுகைப் பிடுங்கி எறிந்தார். குழியை மூடினார். அக்கா கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கங்காணிக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன் என்று.

கார்த்திகை 16, செவ்வாய்

அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. மத்தியானம் மச்சானே தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்தார்.

"சாப்பிட்டா தண்ணி குடிக்கணும்," என்றாள். "குடிச்சா ஒதுங்கணும். இந்தக் காலோட எங்கிட்டு ஒதுங்க?"

"ராக்காயியக் கூட்டிக்கிட்டு..."

"இருட்டுன பெறகா? ஏங்க, இந்த வீட்டுக்கு வந்து இருவத்திரண்டு வருசம். ஒருநாளும் பகல்ல வயிறாரத் தண்ணி குடிச்சதில்ல. நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. இந்த ஒரு மாசந்தான் தாகம் எடுத்தப்ப குடிச்சேன். அதையும் பிடுங்கிட்டீக."

சத்தம் போடவில்லை அவள்.  மச்சான் துண்டுகூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். என்னால் உட்கார முடியவில்லை. வாய்க்கால் வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

கார்த்திகை 18, வியாழன்

 மச்சான் இரண்டு நாளாகத் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. துணி மூட்டை கட்டிவிட்டேன்: வேட்டி இரண்டு, போர்வை, சரசுவின் சீப்பு.

கார்த்திகை 19, வெள்ளி

மலை தெளிவாகத் தெரிகிறது. கங்காணியின் வண்டி தெருமுனையில் நின்றது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனால் கட்டிலில் ஆளில்லை. கொல்லையில் மண்வெட்டிச் சத்தம்.

மச்சான் முழங்கால் ஆழக் குழியில். பக்கத்தில் பழைய குழியைத் திறந்து, சுற்றிப் புதுக் கிடுகு கட்டியாகிவிட்டது. அக்கா உரல்மேல் உட்கார்ந்திருந்தாள். ராக்காயியும் அவள் மகளும் சற்றுத் தள்ளி. மகள் எட்டு மாதக் கர்ப்பம்.

ராக்காயி என்னைப் பார்த்துத் தயங்கினாள். "தப்பா நினைக்காதீக அண்ணே. எம்மகளும் பகல்ல வந்துட்டுப் போகலாமானு உங்க மச்சான்கிட்டக் கேட்டேன். ஒரு குழி பத்தாதுன்னுட்டாக."

மச்சான் நிமிரவில்லை. "வாழைக்கு ஊத்துறத நான் இன்னும் ஒத்துக்கல. அந்தக் கடைசி வரிசையோட நிறுத்திக்க. குலை தள்ளட்டும், பார்ப்போம்." கொஞ்ச நேரம் வெட்டினார். "எம்புட்டு ஆழம் மாப்ள?"

தெருவிலிருந்து வண்டிக்காரர் இரண்டு தடவை குரல் கொடுத்தார்.

"இடுப்பளவு போதும் மச்சான்" என்றேன். மூட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினேன்.