றிம்சானின் கண்ணாடிக் கடை

ஓகஸ்ட் 3, ஞாயிறு

நல்ல கீரி மீன் கிடைத்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து எனக்கு முன்னால் குந்தினாள். அவள் குந்தினாலே எனக்குத் தெரியும், என்னவோ கேட்கப் போகிறாள் என்று. பேத்தி ஸம்றாவின் கல்யாணம் அடுத்த மாதம்.

“உம்மா, சபூறா சாச்சிக்குச் சொல்லாம எப்பிடிக் கலியாணம் செய்ற?”

“கலியாணக் காட் அனுப்பு.”

“கூடப்பொறந்தவவுக்குக் காட்டா? நீங்கதான் போய்ச் சொல்லணும்.”

அது சரிதான். சொந்த இரத்தத்துக்கு வீடு தேடிப் போய் வாயால்தான் சொல்ல வேண்டும். மூத்தவள் நான். நான் போகாவிட்டால் என் தங்கச்சி வரமாட்டாள். ஸம்றாவோ ஒரே பிடியாக நிற்கிறாள்: “சபூறாம்மா வராட்டி நான் கையில மருதோண்டி போடமாட்டன்.” பிள்ளையைச் சின்னதில் மடியில் போட்டு வளர்த்தவள் அவள்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நான் போவேனா? அவளுடைய மகளின் கல்யாணத்தில் எனக்குச் செய்ததை மறக்கிற ஆளா நான்? ஆறு பேர் சேர்ந்து தின்னும் சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் இருந்துவிட்டார்கள். ஆறாவது இடத்தில் இருக்க நான் ஒரு காலை மடக்கிவிட்டேன். “ராத்தா, நீங்க அங்கால இரிங்க” என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணொருத்தியைக் கையில் பிடித்து அந்த இடத்தில் இருத்தினாள். மடக்கிய காலை விரித்துக்கொண்டு எழும்பினேன். முகம் தெரியாத நிந்தவூர்ப் பெண்களோடு ஒரே தட்டில் சோறு தின்றேன். சபூறா உடுத்திருந்தது கத்தரிப்பூ நிறச் சாரி. அந்தச் சஹனில் கோழிக்கு மேலே கஜுப் பருப்புத் தூவியிருந்தது. எங்களுடையதில் கஜு இல்லை.

அன்றைக்கு விட்ட கதை. இன்றுவரை கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மகளும் என்னோடு கதைக்கிறாள் இல்லை. பிளேன்டீயைக் கொண்டுவந்து சத்தத்தோடு வைத்துவிட்டுப் போகிறாள். சீனி போடவில்லை. வேண்டுமென்றுதான்.

ஓகஸ்ட் 7, வியாழன்

சபூறாவின் மகன் றிம்சான் வந்தான். கடற்கரை வீதியில் புதுச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறானாம், முழுக்கக் கண்ணாடியாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருந்து கூப்பிட்டான்.

“சனிக்கிழம நீங்களும் ஸம்றாவும் வரணும் பெரியம்மா.”

“ஒங்கட உம்மா அங்க இரிக்காவா?”

“உம்மா கடப்பக்கமே வாறல்ல.”

எனக்குக் கோபம் அவளோடுதான், இவனோடு என்ன? வீடு தேடி வந்து கூப்பிட்ட பிள்ளையின் கடைக்குப் போகாவிட்டால் குற்றம் என் பக்கம் வந்துவிடும். அதற்கு இடம் கொடுக்கலாமா? போவேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

சாம்பல் நிற அபாயாவை ஸ்திரி போட்டு வைத்தேன். மகள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கும் உள்ளுக்குள் பெருநாளைக்கு முதல்நாள் போலத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 9, சனி

எங்கே தொடங்குவது? இப்போதும் சிரிப்பு வருகிறது.

கடை வடிவுதான், குறை சொல்ல மாட்டேன். உள்ளே நல்ல குளிர். ஆனால் கதிரை உயரம், கால் நிலத்தில் படவில்லை, ஊஞ்சலில் இருப்பது போல ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தில் கஞ்சத்தனம். இந்த இருட்டில் மீன்முள்ளை எப்படிப் பார்ப்பது? என்ன சாப்பாடு இருக்கிறது என்று கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தை ஃபோனால் படம் பிடிக்க வேண்டுமாம். புதினாவும் தேசிக்காயும் போட்ட சோடா வந்தது. அது கொஞ்சம் மண்டைக்கு ஏறியது, நல்ல பக்கமாக.

பிறகு கறுப்பு ஏப்ரன் கட்டின ஒருவர் வந்தார். பவிதரன் என்று சட்டையில் எழுதியிருந்ததை ஸம்றா வாசித்துச் சொன்னாள். எனக்கு முன்னால் வெறுங் கோப்பை ஒன்றை வைத்தார். நல்ல குழி. மற்றக் கையில் மூக்கு வைத்த கூஜா.

நமக்குத் தெரியாததா? எந்தக் கல்யாணத்திலும் சோற்றுக்கு முதல் படிக்கத்தை நீட்டி, கூஜாவால் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவித் தருவார்கள். றிம்சான் எவ்வளவு நாகரிகமாகக் கடை வைத்தாலும் நம்முடைய மரியாதையை விடவில்லையே என்று மனது குளிர்ந்துபோயிற்று. கை இரண்டையும் கோப்பைக்கு மேலே நீட்டினேன்.

பவிதரன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். “ஊத்துங்க மகன்.”

ஊற்றினார். பாவம், மூத்தவள் சொன்னால் என்ன செய்வார்? இளஞ்சூடு. நல்ல கடை, தண்ணீரையும் சூடுகாட்டித் தருகிறார்கள் என்று நினைத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தேன். கொழகொழவென்று இருந்தது. வாசச் சவர்க்காரமோ?

“உம்மம்மா,” என்றாள் ஸம்றா மெல்ல. “அது சூப்பு.”

ஒரு விரலை நக்கிப் பார்த்தேன். காளான் சூப்பு. உப்புக் காணாது.

அந்த நேரம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிக் கடைசியில் விசில் மாதிரி இழுக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இந்தக் கல்முனையில் ஒருத்திக்குத்தான் உண்டு. கடைப்பக்கமே வராதவள், துவாயோடு வெளியே வந்தாள்.

“ராத்தா, கட தொறந்த அண்டைக்கு நானும் இதத்தான் செஞ்சன். நான் கையோட நிக்கல்ல. வாயும் கொப்புளிச்சன்.”

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிறு குலுங்கிவிட்டது. பவிதரன் கூஜாவோடு நின்று, “அம்மா, கை சுடல்லயே?” என்று கேட்கக் கேட்க எங்கள் இருவருக்கும் கண்ணீர் ஓடுகிறது. துவாயால் என் கையைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக.

பிறகு பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதுல ஆரும் இரிக்காங்களா?”

என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. கொஞ்சம் காக்க வைத்தேன். காக்கட்டும்.

“இரி,” என்றேன்.

கொடுவா மீன் வந்தது. சுட்ட மீன், மேலே எலுமிச்சைத் தோல். வாயில் வைத்தால் கரைகிறது, அதற்கு நூறு குறையையும் மன்னிக்கலாம். சோறுதான் ஒரு சிரட்டை அளவு, கவிழ்த்து வைத்திருந்தார்கள். முள்ளைச் சபூறாதான் எடுத்துத் தந்தாள். தந்துகொண்டே, “சம்பந்திப் பகுதி ராத்தா, நான் என்ன செய்யலாம் அண்டைக்கு?” என்றாள்.

“எனக்கும் கஜு போட்டிருக்கலாம்,” என்றேன்.

இன்னொரு துண்டு மீனை முள் எடுத்து என் பக்கம் வைத்தாள்.

கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸம்றா மேசைக்குக் கீழே என் காலைத் தட்டியபடி இருந்தாள். சூப்பில் நனைந்த கையோடு கடையில் இருந்து சொல்கிற கதையா அது?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அசர் தொழுதுவிட்டு ஓட்டோ பிடித்து சபூறாவின் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை வட்டாவை முன்னால் வைத்தேன். வாயால் சொன்னேன். இரண்டு பேரும் அழவில்லை. கதவுக்கு நீலப் பெயின்ற் அடித்திருக்கிறாள், எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

எழுத நேரமில்லை. நாளை மறுநாள் கல்யாணம். சபூறா கிழமைத் தொடக்கத்திலேயே பெட்டியோடு வந்துவிட்டாள். நான் அரைத்த மருதோண்டி தண்ணியாம், வட்டிலப்பத்துக்கு நான் வாங்கிய முட்டை சின்னதாம், நான் பந்தி வைக்கிற ஒழுங்கு பிழையாம். விடுவேனா? காலையிலிருந்து ஒன்றுக்கு ஒன்பதாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸம்றா மருதோண்டி போட்ட இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு நடுவில் இருக்கிறாள். மகள் காதைப் பொத்திக்கொண்டு சொல்கிறாள்:

“நீங்க ரெண்டு பேரும் கதையாம இருந்த காலத்துலதான் உம்மா இந்த ஊடு ஊடா இருந்திச்சி.”

இதோ சபூறா கூப்பிடுகிறாள். இனி என்ன பிழை பிடித்தாளோ. போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.