காட்டுப்பன்றியும் அண்ணன் முகமும்

2005 ஜூலை 12, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. மழை இல்லை. உதட்டு வீக்கம் கொஞ்சம் குறைவு. நீலம் நடுவில் மட்டும், ஓரம் பச்சை.

ஸ்பிரிங்வெளியிலிருந்து ஏழு மணி பஸ். பதுளையில் ஸ்டூடியோ வேலை. அடையாள அட்டைப் படங்கள், ஒரு கல்யாண மாப்பிள்ளையின் முகப்பருக்களைக் கம்ப்யூட்டரில் அழித்தது. முதலாளி என் உதட்டைப் பார்த்தார். அடுத்த படத்தை நீட்டினார்.

மத்தியானம் கொழும்பிலிருந்து சிவகுமார் சார் போன். இந்தக் கொப்பியில் இதுவரை அவரைப் பற்றி எழுதவில்லை, பலிக்காமல் போய்விடும் என்று பயம். வெளிநாட்டுக் கம்பனிகளின் கம்ப்யூட்டர் கேம்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற இடத்தில் அவர் பெரிய ஆள். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குப் பரீட்சையாக ஒரு படம் கேட்டிருக்கிறார்: ராட்சதக் காட்டுப்பன்றி ஒரு வேட்டைக்காரனைக் கிழித்துக் கொல்வது. பிடித்தால் நிரந்தர வேலை. பதுளையில் இருந்தே வரைந்து மெயிலில் அனுப்பலாம். நான் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போன்.

"பிள்ளை, பண்டி சரியில்லை. மாட்டுக்குப் பல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு. பாக்கப் பயமே வரேல்லை."

"வேற எதுவுமே நல்லா இல்லீங்களா சார்?"

"வேட்டைக்காரன்ரை வாய்க் காயம் மட்டும் அச்சொட்டாய் வந்திருக்கு. எங்கை பாத்து வரைஞ்சனீர்?"

கண்ணாடியில் என்று சொல்லவில்லை.

போன வாரம் பஸ் பிந்தியதற்கு அண்ணன் போட்ட அடி. "டவுன்ல எவன்டி?" என்று ஒரு கேள்வி. பதில் வாயைவிட்டு வருவதற்குள் கை வந்துவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்தாள். தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது.

ஜூலை 14, வியாழன்

அதே காற்று. கண்ணெல்லாம் தூசி.

வாங்க வேண்டியவை: கறுப்பு மை, 2B இரண்டு, அழிப்பான், அம்மாவுக்குத் தைலம்.

மதிய இடைவேளையில் பஜாரில் பன்றி இறைச்சிக் கடை. கடைக்காரர் தலையை மேசையில் வைத்துக் காட்டினார். நின்றபடியே வரைந்தேன். ஈக்கள். பின்னால் நின்ற ஒரு அம்மா இன்னொருத்தியிடம்: "பொம்பளப் புள்ளைக்கு வரையுறதுக்கு வேற ஒன்னுமே கெடைக்கலியா?"

ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். சாயந்திரமே பதில் போன். "இது செத்த பண்டி, பிள்ளை. கொல்ல வாற கண் இது இல்லை." இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பாராம். அதற்குமேல் வேறு ஆளைத் தேடவேண்டி வரும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 16, சனி

சம்பளக் காசில் குடிக்கிற குடி இன்று அண்ணனுக்கு இல்லை. நல்ல நாள். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். என் படத்தாளைக் காற்று தூக்கிப்போய் அவன் காலடியில் போட்டது. கிழிப்பான் என்று நினைத்தேன்.

எடுத்துப் பார்த்தான். "இது பன்னியா? செல்லையா மாமா வீட்டுக் கெடேரி மாதிரியில்ல இருக்கு."

"நான் உசிரோட பாத்ததில்லண்ணே."

"பாக்காமலா வரையுற?"

"பாக்காமதான் எல்லாரும் வரையுறாங்க."

"இதுக்கு நெசமாவே சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. நல்லா இருந்தா."

கொஞ்சநேரம் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு: "செல்லையா மாமா கெழங்குத் தோட்டத்துல பன்னிக்குக் கம்பிச் சுருக்கு வச்சிருக்காரு. மாட்டுனா கூட்டிட்டுப் போறேன். கத்தக் கூடாது, பின்னாலயே நிக்கணும்."

முருகேசு அண்ணன் எனக்காக ஒன்று செய்கிறேன் என்று கடைசியாகச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூலை 18, திங்கள். பதுளை ஆஸ்பத்திரி, வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து

எழுத்து கோணல். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேற்றுக் காலை. செல்லையா மாமா ஓடிவந்தார். "டேய் முருகேசு, மாட்டிக்கிச்சுடா! தனியன் பன்னி! கழுதை மாதிரி இருக்கு!"

கைவிட்டுக் காடாய்ப் போன பழைய தேயிலைக்கும் கிழங்குத் தோட்டத்துக்கும் நடுவில். தூரத்திலேயே சத்தம். உறுமல் இல்லை அது. மரத்தை அறுக்கிற மாதிரி. முன்கால் ஒன்று கம்பியில். சுற்றியிருந்த மண் முழுவதும் உழுதுபோட்ட மாதிரி. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது, அது அதைப்பற்றிக் கவலைப்படவேயில்லை. பாய்ந்து பாய்ந்து இழுத்தது. பிடரி மயிர் நட்டுக்கொண்டு, வாயில் நுரை, நுரையில் சிவப்பு.

மாமாவிடம் ஈட்டி. அண்ணனிடம் கோடாலி. இரண்டு நாய்கள்.

நான் பலகையில் தாளைக் குத்திக்கொண்டு வரைந்தேன். கண் சின்னது. நான் வரைந்ததெல்லாம் பெரிய கண்கள். அதில் கோபம்கூட இல்லை. ஒரு வேலை இருக்கிறது, முடிக்க வேண்டும் என்கிற மாதிரிப் பார்வை. அதைத் தாளில் பிடித்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்: நேற்று அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மாமா: "போதும்டா, குத்திருவோம்."

அண்ணன்: "இருங்க மாமா. புள்ள பல்லைப் பாக்கணும்ல."

நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு நீளக் கம்பை ஒடித்து அதன் மூக்கில் குத்தினான். வாய் திறந்தது. கீழே இரண்டு கோரைப்பற்கள், மஞ்சளாக, நுனி மட்டும் வெள்ளையாய். "பாத்துக்கிட்டியா? இன்னொருக்கா பாரு!" மறுபடி குத்தினான். சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

திரும்பியபோதுதான் கம்பி அறுந்தது.

ஓடிவந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணன் காற்றில் இருந்தான், பிறகு தரையில். பன்றி கோரைப்பல்லை அவன் தொடைக்குள் விட்டு மேலே இழுத்தது. துணி கிழிகிற சத்தம்தான் முதலில். பிறகு அண்ணன். அவன் குரல் எனக்குத் தெரியும், வீடு நிறைய அந்தக் குரல்தான். அந்தச் சத்தம் அவனிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

கறுப்பு நாய் பாய்ந்தது. பன்றி ஒரு தடவை தலையை ஆட்டியது. நாயின் வயிறு திறந்தது. அது குடலை இழுத்துக்கொண்டே இரண்டு அடி நடந்து படுத்துவிட்டது.

பன்றி மறுபடி அண்ணனிடம் வந்தது. என் கையில் பலகை. ஓடிப்போய் அதன் மூஞ்சியில் அடித்தேன். பலகை இரண்டாகப் போனது. அது என்னைப் பார்த்தது. அவ்வளவு நேரமும் தாளில் நான் பார்த்துக்கொண்டிருந்த கண். மாமா பக்கவாட்டில் ஈட்டியை இறக்கினார். அது விழவில்லை. இறக்கிய ஈட்டியோடு அவரையும் இழுத்துக்கொண்டு சுற்றியது. நான் கோடாலியைப் பொறுக்கித் தலையில் போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. மாமாதான் கையைப் பிடித்தார். "செத்துருச்சு புள்ள. செத்துருச்சு. விடு."

அண்ணன் தொடையில் சதை இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. நடுவில் வெள்ளை. என் தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். பலகைத் துண்டை முடிச்சுக்குள் விட்டு முறுக்கினேன்.

"வலிக்குதுடி... அம்மாகிட்ட சொல்லாத."

ஞாயிறு என்றாலும் அன்றைக்கே கூலி தருகிற கைக்காசுக் கொழுந்து எடுத்ததால் தோட்டத்து லொறி நின்றது. கம்பளியில் போட்டுத் தூக்கிவந்து கொழுந்துச் சாக்குகள்மேல் கிடத்தினோம். வழி முழுக்க என் கை அவன் காயத்தின்மேல். பச்சைக் கொழுந்து வாசனையும் இரத்தமும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து: "சாக்கு நனையுது, சாக்கு நனையுது." பிறகு அவரே அழுதுகொண்டு ஓட்டினார்.

உயிர் இருக்கிறது. கால் இருக்கும், ஆனால் பழையபடி மலைச்சரிவில் நின்று கவ்வாத்து வெட்ட முடியாது என்று டாக்டர். அம்மா வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். "நீ ஏன்டி போன?" ஒரு தடவைதான் கேட்டாள்.

ஜூலை 20, புதன்

அண்ணன் சாப்பிட்டான். சிங்கள நர்ஸ் கட்டு மாற்றும்போது அரைத்தமிழில் கேட்டாள்: "இது யார் கட்டினது முதல்ல? நல்லா கட்டினது." அண்ணன் என்னைக் காட்டினான். "என் தங்கச்சி. பன்னியை அவதான் கோடாலியால போட்டா." பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து வெளியே வந்தேன்.

ஜூலை 22, வெள்ளி

ஸ்டூடியோவில் முதலாளி கம்ப்யூட்டரைத் தந்தார். நாள் முழுக்க வரைந்தேன். பன்றி வந்துவிட்டது. காது, நுரை, அந்தச் சின்னக் கண், எல்லாம் கை தானாகவே போட்டது.

வேட்டைக்காரனின் முகம்தான். எந்த முகம் வைத்தாலும் பொய். சட்டத்தில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. கடைசியில் அண்ணனை வைத்தேன். தரையில் கிடந்து வாய் திறந்த அந்த நொடி. பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. முடித்ததும் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகத்தை மாற்றலாமா? மாற்றினால் செத்த படம்.

அனுப்பிவிட்டேன்.

ஜூலை 26, செவ்வாய்

"பிள்ளை, என்னத்தை அனுப்பியிருக்கிறீர்! இஞ்சை எல்லாரும் எழும்பி வந்து பாக்கினம். வேட்டைக்காரன்ரை முகத்தைப் பாக்க எனக்கே ஏலாமல் கிடக்கு."

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து. அந்த வேட்டைக்காரனையே கேமின் ஆரம்பப் படத்தில் வைக்கப்போகிறார்களாம். இன்னும் பல விதமாக அவன் சாகவேண்டும்: விழுந்து, எரிந்து, மரத்தில் குத்துப்பட்டு.

"அதே முகம், ஓமோ? மாத்தக் கூடாது."

"சரிங்க சார்."

முதலாளி பால் டொபி வாங்கிக் கொடுத்தார். நான் சிரித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஹாலிஎல பக்கம் மேகம் சிவப்பு. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அவன்கிட்ட இப்ப சொல்லாத" என்றாள். அண்ணன் முகம் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, வெள்ளி

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மர ஊன்றுகோல் ஒன்று. இஸ்தோப்பு வரைக்கும் நடக்கிறான், வியர்த்துக் கொட்டுகிறது. கங்காணி வந்து எட்டிப் பார்த்தார். இலகு வேலை ஏதாவது பார்க்கலாம் என்றார். கொழுந்து நிறுக்கிற இடத்தில், அல்லது குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்தில் விறகு உடைக்க. அண்ணன் தலையை ஆட்டினான். அவர் போனதும் தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தான்.

அம்மா பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன்.

பன்றி இறைச்சியைச் செல்லையா மாமா லயம் முழுக்கப் பங்கு வைத்தாராம். எங்களுக்கும் வைத்தாராம். அம்மா வாங்கவில்லை.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

காற்று ஓய்ந்துவிட்டது. தகரத்தின் சத்தமில்லை, அதுவே ஒரு மாதிரி.

என் தவறு, அச்செடுத்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் சீப்பு எடுக்க வந்து பிரித்துவிட்டாள். நான் வருவதற்குள் லயமே பார்த்துவிட்டது; வேலைக்கு அனுப்பிய கேம் படம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். வாசலுக்கு வரும்போது கேட்ட குரல்: "முருகேசண்ணே, ஒங்களப் பன்னி மறுபடியும் கொல்லப் போவுதாமே!" சிரிப்பு.

உள்ளே அண்ணன் கட்டிலில். படம் மடியில். என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் இப்பிடியா கெடந்தேன்?"

"ஆமாண்ணே."

"இதைக் குடுத்தா வேலை வாங்குன?"

"ஆமா."

"ஒனக்காகப் பன்னி வாயத் தொறந்து காட்டுனேன்டி நான்."

தாளை வாங்கக் கை நீட்டினேன்.

படத்தை நான்காகக் கிழித்தான். பிறகு மேசையில் இருந்த மற்றத் தாள்களை. புது மைப்புட்டியை நிலத்தில் அடித்தான். "கேட்டியா என்கிட்ட? ஒரு வார்த்தை கேட்டியா?" என்று எழுந்தான். ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து என் தோளில் போட்டான். இடது தோள். அம்மா நடுவில் வந்தாள். இரண்டாவது அடி அம்மாவின் முழங்கையில். எலும்பில் படுகிற சத்தம்.

மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் கோலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி."

"விட மாட்டேன். முகத்தைக் கேக்காம வரைஞ்சேன், அது தப்பு. அதுக்கு அம்மாவ ஏன் அடிச்ச?"

"விடுங்கிறேன்!"

"அடிச்சுக்கிட்டேதான இருக்க நீ. காலு நல்லா இருந்தப்பவும்."

இழுத்தான். நானும் இழுத்தேன். அவனுக்கு ஊன்ற ஒரு கால்தான். கோல் என் கைக்கு வந்தது, அவன் தரைக்குப் போனான். கட்டு நனைய ஆரம்பித்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என் கையில் ஓங்கிய கோல். அதை எப்போது ஓங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அடிக்க வேண்டும் என்றிருந்தது. உண்மையாகவே இருந்தது. கோடாலி பிடித்த கைதான்.

அம்மா வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள். முழங்கை வீங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். அண்ணனிடம் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் எல்லாம்.

அடுப்படிக்குக் கொண்டுபோனாள். நுனியை அடுப்புக்குள் விட்டாள். பழைய உலர்ந்த மரம், உடனே பிடித்துக்கொண்டது.

"அம்மா, அது ஆஸ்பத்திரிச் சாமான்!" நான்தான் கத்தினேன்.

"நடக்குறதுக்குத்தான் குடுத்தாங்க" என்றாள். மிச்சத்தையும் உள்ளே தள்ளினாள். உலையைத் தூக்கி மேலே வைத்தாள்.

நான் அண்ணனைச் சுவரில் சாய்த்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு தையல் விட்டிருந்தது. துணி வைத்து அழுத்தினேன். அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. அழுதானா என்று தெரியாது, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டான். நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

உலை கொதித்த பிறகுதான் பேசினான்.

"நாளைக்கு நான் கக்கூசுக்கு எப்பிடிம்மா போறது?"

"சொவத்தப் புடிச்சுக்கிட்டுப் போ" என்றாள் அம்மா.