எரிந்த மணம் இல்லாத ஒன்று

2014 ஏப்ரல் 6
அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. மே பத்தாம் திகதி ரொறன்ரோவில் இறங்குகிறா. சந்தோஷப்படாமல் பல்கனியில் ஒளித்து நின்று இரண்டு சிகரெட் பற்றினேன். முப்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து.

முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த பிறகு அம்மாவுக்கு எரிகிற மணம் ஆகாது. கறி அடிப்பிடித்தாலே உடம்பு நடுங்குமாம். அவ வருமுன் நான் சிகரெட்டை விட்டாக வேண்டும்.

ஏப்ரல் 16
வேலையிடத்து அன்ரனெற் தந்த வேப், சிகரெட்டுக்குப் பதிலாய் ஆவி இழுக்கிற மின்கருவி, ஒரு கிழமையில் கருகி, வீடெல்லாம் எரிந்த பஞ்சு மணம். சிகரெட்டே பரவாயில்லை.

"உதுக்குள்ள சூடாகிறது கடைக் கம்பிச் சுருள். கருகினா எறியிறதுதான். நீயே கம்பி சுத்திப் பஞ்சு மாத்திற அற்றமைசர், அந்த ஆவியாக்கிற தலை, வாங்கு" என்றாள்.

ஏப்ரல் 19
கடையில் ஒரு மணித்தியாலம் நின்றேன். திரவத்துக்குத் தொட்டி வைத்த வகை வடிவுதான், ஆனால் பஞ்சைப் பிழையாக வைத்தால் ஒழுகுமாம். மற்ற வகையில் தொட்டி இல்லை. பஞ்சில் நாலு சொட்டு விட்டு இழுக்க வேண்டியது. பஞ்சு காய்வது கண்ணுக்குத் தெரியும், கருக விடத் தேவையில்லை. அதையே வாங்கினேன்.

"நல்லாப் புகை தள்ளும்" என்று கடைக்காரருக்குப் பெருமை. ஆவிதானே, மணக்காவிட்டால் சரி.

ஏப்ரல் 22
ஆறு சுருள் சுற்றினேன். ஆறும் கோணல்.

மே 4
பத்து நாளாகச் சிகரெட் இல்லை. ஆனால் பயம் வேறு.

தம்பி அன்புராசா எப்படிச் செத்தான்? அம்மா மட்டும்தான் அங்கிருந்து வந்தா. ஐந்து வருஷமாகப் போனில் கதைக்கிறோம், அவ சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. அவனை விட்டிட்டு ஓடி வந்தாவோ? — எழுதவே கை கூசுது. கேக்கப் போறனோ? கேட்டால் பிறகு என்னெண்டு அவவின்ர முகத்தைப் பாக்கிறது?

மே 11
அம்மா நல்லாய்ச் சிறுத்துப் போனா.

மே 18
முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்துக்குப் போய் வந்தோம். எல்லாரும் அழ, அம்மா அழவில்லை. எனக்கு ஆத்திரம். அவ குளிக்கப் போனா என்று நினைத்து, குசினியில் நின்று வேப்பை ஆழமாக இழுத்து விட்டேன். வெள்ளையாய்ப் புகைபோல ஆவி, குசினி நிறைய. எரிந்த மணம் துளியும் இல்லை.

கதவடியில் அம்மா.

அடுத்த கணம் நான் நிலத்தில். அறுபத்தெட்டு வயது மனுசி என்னைத் தள்ளி விழுத்தி, மேலே முழுதாய்ப் படுத்து, தலையை அமத்திப் பிடிச்சா. "அன்பு, எழும்பாதை! அம்மா சொல்லுறன், எழும்பாதையடா!"

ஆவி கலையும் வரை நான் அசையவில்லை.

மே 19
அம்மா என் நெற்றி வீக்கத்துக்கு ஐஸ் வைத்தா.

"நோகுதோ எமில்டா?"

"இல்லையம்மா."

"நீ சொல்லுக் கேட்டுக் கிடந்தாய். அவன் கேக்கேல்லை. ஷெல் விழேக்க எனக்குத் தண்ணி எடுக்கவெண்டு எழும்பினவன்."

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் எதுக்கெண்டு கேப்பா. அதை நான் எப்படிச் சொல்லுறது?