உறைக்குப் பின்னால் என் பெயர்

ஜூன் 4

அன்புள்ள பூசணிக்கு,

என் மூத்த பேரன் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறான். போன மாதம்தான் அவன் தோள்பட்டையில் இன்னொரு கோடு ஏறியது. அவன் தங்கை பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். முதல் பல்லை எனக்குத்தான் பிடுங்கினாள். வலிக்கவேயில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கொஞ்சம் வலித்தது. மகள் வயிற்றுப் பேரன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளை வைக்க அலமாரியில் இடமில்லாமல், ஒன்றில் நான் ஊக்கும் பித்தானும் போட்டு வைத்திருக்கிறேன். கடைக்குட்டிக்குக் கையெழுத்துப் போட்டியில் மூன்றாம் பரிசு. போட்டியில் இருந்ததே மூன்று பேர்தான் என்று அவன் அக்கா சொல்கிறாள். இருந்தால் என்ன, பரிசு பரிசுதான்.

இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிட்டது ஏன் என்றால், நான் யார் என்று சொன்னதும் நீ பயந்து கடிதத்தைக் கீழே போட்டுவிடக் கூடாது. செத்தவர்களுக்குப் பேரன் பேத்தி வளராது, பார். நான் ஊசி. ஐந்தாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே ஊசி. உயிரோடுதான் இருக்கிறேன்.

போனில் பேசலாமே என்றாள் பேத்தி. வேண்டாம் என்றேன். ஐம்பத்தேழு வருடம் கழித்துச் செத்தவள் போன் பண்ணினால் உன் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? கடிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வாய்.

நடந்தது இதுதான். பல் டாக்டர் பேத்தியிடம் நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். பாட்டி எதையோ பெரிதாகச் சொல்கிறாளே, அப்படி என்னதான் பள்ளிக்கூடம் என்று அவள் போனில் தேடியிருக்கிறாள். நீங்கள் எல்லாம் பள்ளிப் படிப்பை முடித்து ஐம்பது வருடம் ஆனதற்குக் கூடினீர்களாமே, அந்தப் போட்டோக்கள் வந்தன. எல்லோரும் கிழவிகள். உன்னைத் தேடினேன், எதிலும் கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய துணி கட்டியிருந்தது. "நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்" என்று எழுதி, வரிசையாகப் படங்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண். பேத்தி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது நீங்கதானே?" என்றாள். நான்தான். சிரிப்பு வந்தது. அன்றைக்கு முழுக்க வீட்டில் எனக்குப் பேய்ப் பாட்டி என்றுதான் பெயர்.

போட்டோ போட்டிருந்த உங்கள் வகுப்புக்காரியிடம், நான் யார் என்று சொல்லாமல், உன் விலாசத்தை மட்டும் வாங்கச் சொன்னேன். நான் இருப்பது முதலில் உனக்குத்தான் தெரிய வேண்டும்.

டிசம்பரில் மறுபடி கூடப்போகிறீர்களாம். நான் ஐந்தோடு நின்றவள். மேல்வகுப்புக்காரர்கள் கூடும் இடத்துக்கு என்னைப் போன்றவள் வரலாமா? வரலாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். பேத்தி அழைத்து வருவாள். பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன்
ஊசி


ஜூன் 19

அன்புள்ள ஊசி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. படித்தேன். மறுபடியும் படித்தேன். நீ இருப்பது சந்தோஷம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

அந்த விஷக்காய்ச்சல் வருடம் உனக்கு நினைவிருக்கும். பள்ளியை மூடினார்கள். திறந்தபோது இரண்டு பேர் வரவில்லை, நீயும் கடைசி பெஞ்சுப் பெண்ணும். அவள் போய்விட்டாள் என்று அவள் அண்ணன் வந்து சொன்னான். உன் வீட்டுக்கு நான் போனேன். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா, "காய்ச்சல்ல போயிட்டாங்கம்மா" என்றார். உன் அப்பாவைச் சொன்னாரா, எல்லோரையும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஓடி வந்துவிட்டேன். டீச்சரிடம் நான்தான் சொன்னேன். இருவருக்கும் சேர்த்து வகுப்பே எழுந்து நின்றது. உன் இடத்தை அந்த வருடம் முழுக்கக் காலியாக வைத்திருந்தோம். அந்தப் படத்தையும், நம் வகுப்புப் படத்திலிருந்து வெட்டி, நான்தான் கொடுத்தேன்.

என் மகளுக்கு உன் நிஜப் பெயரைத்தான் வைத்தேன்.

உன் பேரன் பேத்திகளைப் பற்றிப் படித்தேன். நன்றாக இருக்கட்டும். டிசம்பருக்கு இப்போது வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு
பூசணி


ஜூலை 1

அன்புள்ள பூசணிக்கு,

உனக்கு எழுத்தை அளந்து போடும் பழக்கம் எப்போது வந்தது? டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தாய் என்று உங்கள் வகுப்புக்காரி என் பேத்தியிடம் சொன்னாளாம். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசவிடாத ஆபீஸ் பழக்கம்தான் போலிருக்கிறது.

வர வேண்டாம் என்றுவிட்டாய். வருத்தம்தான், மறைப்பானேன். ஐந்தாம் வகுப்புக்காரி மேடையில் ஏறினால் உங்களுக்கெல்லாம் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறாயா? நான் ஒன்றும் மூலையில் கிடக்கவில்லை. அப்பா போனதும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மாமா ஊருக்கு வந்துவிட்டாள். மாமாவுக்குச் சலவைக்கடை. முதலில் மடித்தேன், பிறகு தேய்த்தேன், பிறகு அந்தக் கடையையே நடத்தினேன். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எச்சில் தொட்டுப் பார்க்காமல் முகத்துக்கு நேரே பிடித்தே சொல்வேன். அந்தச் சூட்டில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். பேத்திக்கு டாக்டர் கோட்டு தைத்து வந்தபோது, முதல் மடிப்பு நான்தான் தேய்த்தேன். அந்த மடிப்பில் ஒரு தாளையே வெட்டலாம் என்றாள்.

பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. அடித்துக்கொள்கிறேன்தான். ஆனால் இந்த வாரம் முழுக்க நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தது பேரன்களைப் பற்றி இல்லை. "நான் பார்க்காத ஊர்ல என் பேர்ல ஒருத்தி இருக்கா" என்பதைத்தான். ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாயே, அடியே. அவள் என்ன வேலை பார்க்கிறாள்? எத்தனை பிள்ளைகள்? உன் உருண்டை முகமா, அவள் அப்பா முகமா? கோபம் வருமா? என் பெயர் வைத்தவளுக்குக் கோபம் வராமல் இருக்காது.

நீ கூட்டத்துக்குக் கூப்பிடாவிட்டால் போகிறது. உன் வீட்டுக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசியில் பேத்தி லீவு போட்டிருக்கிறாள். அவளையும் இருக்கச் சொல், என் பெயர்க்காரியை. ஒரு நாள் போதும். உன்னைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன்
ஊசி


ஆகஸ்டு 17

ஊசிக்கு,

நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அவள் இல்லை. பத்தொன்பது வயதில் போய்விட்டாள். இருபத்து நாலு வருடம் ஆகிறது. மூளைக்காய்ச்சல். வெள்ளிக்கிழமை தலைவலி என்றாள், செவ்வாய்க்கிழமை இல்லை. அவளுக்குப் பின் எனக்குப் பிள்ளை இல்லை.

பெயர் வைத்தபோதே மாமியார் தடுத்தார். அவரிடம் உன் கதையை நானே சொல்லியிருந்தேன், எதற்கு அந்தப் பெயர் என்று கேட்டதால். அவள் போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னார்: "செத்தவ பேரை வைக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காய்ச்சல்ல போனவ, காய்ச்சலை அனுப்பிக் கூட்டிக்கிட்டா." யாரும் மறுத்துப் பேசவில்லை. அவள் அப்பா, என் கணவர், நல்ல மனிதர். அவரும் மறுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும். சாப்பாடு எடுத்து வைப்பேன், சாப்பிடுவார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது, மாமியார் அதற்கும் முன்னால். நானும் நம்பினேன், ஊசி. படித்தவள்தான், வேலை பார்த்தவள்தான். ஆனாலும் நம்பினேன்.

நீ அப்போது உயிரோடு இருந்திருக்கிறாய். ஏதோ ஓர் ஊரில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் நீ போட்டிருந்தால் என் வீட்டுக்காரரிடம் காட்டியிருப்பேன். இதை எழுதுவது நியாயமில்லை என்று தெரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் முதல் கடிதத்தைத் தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனார். உறை குப்புற விழுந்து கிடந்தது. பின்னால் அனுப்புநர் என்று போட்டு உன் பெயர். அவள் பெயர். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம்தான், அதற்குள் என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன். பிறகு கையெழுத்தைப் பார்த்தேன்.

அதனால்தான் வர வேண்டாம் என்றேன். உன் படிப்புக்காக இல்லை. உன்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

பூசணி


செப்டம்பர் 2

அன்புள்ள பூசணிக்கு,

உன் கடிதம் நேரத்துக்கு வந்துவிட்டது. பேத்தி லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்ன ஆச்சு பாட்டி என்றாள். வழியில் வேலை நடக்கிறது, ரயில் போகாதாம் என்றேன். நம்பினாளா தெரியாது. அன்றிலிருந்து என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள்.

நான் அந்த இரண்டு கடிதத்தில் எழுதியதையெல்லாம் நினைத்தால் கூசுகிறது. கோப்பையாம், கோடாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்க் கல்யாணப் பந்தல் போட்டவள் மாதிரி ஆகிவிட்டேன். நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

ஒரு கடிதம் போட்டிருந்தால் என்று கேட்டிருக்கிறாய். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பத்து வயதில் நான் என்னவென்று எழுதுவேன்? உயிரோடு இருக்கிறேன் என்றா? உயிரோடு இருப்பவர்கள் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ என்னை மறந்துவிட்டாய், மேல்வகுப்புக்குப் போனதும் வேறு சிநேகிதி பிடித்துவிட்டாய் என்று நான் அழுதிருக்கிறேன். நீ அங்கே என் இடத்தைக் காலியாக வைத்திருந்திருக்கிறாய். கோபம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது. உன் மகள் பிறந்த வருடம் எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். பெட்டிச் சூட்டில் நின்றால் மயக்கம் வரும் என்று மாமா ஒரு முக்காலி வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்து தேய்த்தேன். நீ அந்தப் பெயரை அவள் காதில் சொன்ன அன்றைக்கும் நான் அப்படித்தான், கால் வீங்கி, வேர்த்து வழிந்து, எவனோ ஒருவன் சட்டைக் காலரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் போன அந்தச் செவ்வாய்க்கிழமையும் கடை திறந்துதான் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, பூசணி. எனக்குத் தெரியவே தெரியாது. நீ வைத்தது உயிரோடு இருந்தவள் பெயர். உன் மாமியார் சொன்னது தப்பு. அவர் காதிலும் உன் வீட்டுக்காரர் காதிலும் இது விழாமல் போனதற்கு நான் என்ன செய்ய? அந்த வீட்டில் யாரும் இல்லை என்றால் பரவாயில்லை, நீயாவது ஒரு தரம் வாய்விட்டுச் சொல். அவள் பெயரையும் சேர்த்துச் சொல்.

டிசம்பருக்கு நான் வரவில்லை. நீ யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம். அந்தத் துணியில் என் படம் இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்கள் எழுந்து நிற்கும்போது எனக்கும் சேர்த்து நிற்கிறார்கள் என்று இங்கே வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொள்வேன். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

உறைக்குப் பின்னால் இந்தத் தடவை ஊசி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தபால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உனக்கு விருப்பம் இல்லையென்றால் பதில் எழுதாதே, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஓர் உதவி செய். சாயங்காலம் கடையை மூடிவிட்டு உட்கார்ந்தால், மனசுக்குள் உன்னோடு பேசப் பார்க்கிறேன். முடியவில்லை. கண்ணை மூடினால் இரட்டைப் பின்னலும் மைக் கறையுமாக ஒரு சின்னப் பெண்தான் வந்து நிற்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த கதையை, வீட்டுக்காரர் பேசாமலே போன கதையை அந்தக் குழந்தையிடம் நான் எப்படிப் பேசுவேன்? உன் இப்போதைய முகம் எனக்கு வேண்டும். நரைத்திருந்தால் நரைத்தபடி, அழுதிருந்தால் அழுதபடி. சுவரில் மாட்ட மாட்டேன், யாருக்கும் காட்டவும் மாட்டேன். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு.

உன்
ஊசி