என் பெயரில் ஒரு கட்டு

ஏற்காடு, 12-2-1937

பெரியக்கா பொன்னாயிக்கு, சேர்வராயன் மலைக்கே காது என்று பேரெடுத்த உன் தம்பி செங்கோடன் கும்பிட்டு எழுதுவது. நான் நொம்ப சௌக்கியம். உன் இருமல் தேவலையா? காவேரி கண்ணு, கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்குப் படி.

தேர்தலுக்காக மலையேறி வரும் கட்சிக்காரர்கள் பேசுவதையெல்லாம் எழுதி, பேசுகிற ஆளுக்கொரு காகிதக் கட்டாக வைக்க வேண்டுமென்பது எங்கள் எஸ்டேட் துரையின் உத்தரவு. இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மூவருக்கும் நானே மகாகுரு! "மேடையை விட்டு எறங்கினாலும் பென்சிலை வெச்சராதீங்க. காப்பி குடிக்கையில பேசறதுதான் நெசம். யார் சிரிச்சாங்கன்னும் எழுதுங்க" என்று போதித்தேன்.

நேற்றுக் காப்பி குடிக்கையில், "தொரையோட நாய்க்கு ஓட்டுக் குடுத்தா அதுகூடத் தொரை சொல்ற ஆளுக்குப் போடாது" என்றேன். சிரிப்பில் மலையே ஓரடி நகர்ந்தது. என் மூன்று சீடர்களில் ஒருவனான வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை.

இன்று அலமாரியில் என் பெயரில் ஒரு கட்டு! தேதி, இடம், சிரித்தவர்கள், எல்லாம் பிசகில்லாமல் இருந்தது.

"என்னப்பா வெள்ளையா இது?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

திங்கட்கிழமை எல்லாக் கட்டும் துரையின் மேஜைக்குப் போகும். பயப்படாதே, துரைக்குத் தமிழ் அரைகுறை.

குளிருக்கு என் பழைய கம்பளியை அனுப்பு. உன் போன கடிதத்தின் ஓரத்தில் புதுப்பசை ஈரமாக இருந்தது; எஸ்டேட் ஆபீசில் யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பதிலில் மழையைப் பற்றி மட்டும் எழுது. இருமலைப் பற்றியும் எழுது. அதை வெள்ளையன் குறித்துக்கொண்டால் குறித்துக்கொள்ளட்டும்.

தபால்காரர் கிளம்புகிறார், இதை ஆபீசில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

செங்கோடன்