அப்பா சொல்லாத ஒரு வரி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லோரும் சுகம், நீ முட்டியோடு சேர்த்தே சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய பார்சல் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. போர்வை மெத்தென்று இருக்கிறது, உன் அண்ணன் மகள் அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள், முன்பல் இரண்டும் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இப்போது சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அம்மா அம்மா என்பாய், நான் மறுபடி பூசி மெழுகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

சமரசத்துக்கு வருகிறவர்களுக்காக நீ எழுதி அதே பார்சலில் வைத்திருந்த கையேட்டை அப்பாதான் முதலில் பிரித்தார். உள்ளே அவருக்கென்று நீ பேனாவால் எழுதியிருந்தாயே, நான் வக்கீல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமரசர் வேலைக்கு வந்தபோது "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய், நான் இருக்கேன்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள், ஒரு கேஸும் வராத நாட்களில் அந்த வரிதான் என்னை எழுந்து ஓடாமல் உட்கார வைத்தது என்று. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "இதை நான் எப்போ சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன், அடுப்பு அணைந்துதான் இருந்தது.

அவர் சொல்லவில்லையடி கண்ணு. அது நான் சொன்னது. அவர் அன்றைக்குச் சொன்னது, "முப்பது வருஷம் கோர்ட்ல டைப் அடிச்சு இவளை வக்கீலாக்கினா, பஞ்சாயத்து பண்ணப் போறாளாம்" என்பது. சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போனவர், அதற்கப்புறம் நீ போன் பண்ணும்போதெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறார். நீயும் லேசுப்பட்டவள் இல்லை, அவருக்குப் புரியவே புரியாது விடும்மா என்றாய், அதை நான் "அப்பா மனசு நோகக் கூடாதுன்னு அழுதாள்" என்று ஆக்கி அவரிடம் கொடுத்தேன். இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சர்க்கரை போட்டே ஓட்டியிருக்கிறேன். உனக்கு முன்னால் இந்த வீட்டில் சமரசம் பேசியவள் நான்தான், படிக்காமல் பார்த்த வேலை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

மூன்று நாள் அப்பா கையேட்டையே படித்தார். நான்கு எழுத்துப்பிழை கண்டுபிடித்துத் திருத்தி நான்கிலும் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். அவர் பழக்கம் உனக்குத் தெரியுமே, டைப் அடித்த தாளில் ஒரு சொல்லை மாற்றினால் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும், போட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு, கடைச் சீட்டில் சோப்பை அடித்துவிட்டு ஷாம்பூ என்று எழுதினாலும் போடுகிற ஆள். "ரெண்டு பேரும் ஜெயிச்சா தீர்ப்புல என்னன்னு அடிக்கிறது?" என்று ஒருநாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆறாம் பக்கத்தில், ஓர் அறையில் கேட்டதை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் சமரசர் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதில் பென்சிலால் கோடு போட்டு என் காபி டம்ளர் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாகவும் இருந்தது சிரிப்பாகவும் இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நேர்காணல், சமரச மையத்தின் நிரந்தரப் பட்டியலில் சேர்க்கப் போகிறார்களா இல்லையா என்று அன்றைக்குத்தான் தெரியும், அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்பா விடவில்லை. "இல்லாத சாட்சியை நம்பி அவ போய் நிக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி எழுது" என்றார். எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பிடித்துக்கொண்டு நின்ற கம்பை நானே உருவிவிட்டேனோ என்று இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், வரிதான் என்னுடையது, அந்தக் காலி அறையில் தினமும் போய் உட்கார்ந்தது நீதான். என்மேல் கோபம் வந்தால் திட்டு, சாப்பிட்டுவிட்டுத் திட்டு. அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொள், கேள்வி கேட்கிறவர்களிடம் நிதானமாகப் பேசு, நகத்தைக் கடிக்காதே.

எடுத்த காரியம் எல்லாம் உன் கைக்கு வசப்படட்டும். நேர்காணல் முடிந்ததும் ஒரு வரி எழுது, மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன், அப்பா வாங்கி முழுதும் படித்தார். நான் சொன்னது எதையும் அடிக்கவில்லை. இரண்டாம் பத்தியில் அந்த வரி இருக்கிறதே, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய், நான் இருக்கேன்", அதற்குப் பக்கத்தில் பார். அவருடைய சுருக்கொப்பம்தான். கீழே இன்றைய தேதி.